சமவெளியில் ஆர்கிட் வளர்ப்பும் தொட்டி மாற்றமும்

கோடை விழாவுக்கு ஏற்காடு சென்று திரும்பும் குடும்பங்கள் பல, கையில் ஒரு பூந்தொட்டியோடு மலையிறங்குவது வழக்கம். ரோஜா, டேலியாவோடு இப்போது ஆர்கிட் செடியும் இறங்கி வருகிறது. ஆட்டையாம்பட்டி, மல்லூர், இராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் வந்து சேர்ந்ததும் அதற்கு நடக்கும் உபசாரம் ஒன்றுதான். தோட்டத்துச் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து பெரிய தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சில மாதங்களில் இலை பழுத்து உதிர்கிறது. பின் தண்டு சுருங்கி, அடி அழுகிவிடுகிறது. "இது மலைச்செடி, நம் ஊர் வெயில் ஆகாது" என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

வெயிலும் ஒரு காரணமே. ஆனால் இவ்வாறு மடியும் செடிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வது வெயில் அல்ல. மண்ணும், அதில் ஓயாமல் தேங்கும் தண்ணீரும், அந்தத் தண்ணீரிலுள்ள உப்பும்தான்.

மண்ணில் வாழாத செடி

இந்தியாவில் 1,256 வகை ஆர்கிட் செடிகள் உள்ளதாக இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-இல் வெளியிட்ட நூல் கணக்கிடுகிறது. அவற்றுள் 757 வகைகள் மண்ணில் வளர்வன அல்ல. மரக்கிளைகளிலும் பாறைகளிலும் தொற்றி வளர்வன. மரத்தில் இருப்பதால் இவற்றைப் புல்லுருவி என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. மாமரத்தில் ஏறும் புல்லுருவி கிளைக்குள் வேரைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. ஆர்கிட் அவ்வாறு செய்வதில்லை. பட்டையின் மேல் வேரைப் படரவிட்டு நிற்க இடம் மட்டுமே கேட்கிறது. மழைநீர், காற்றின் ஈரம், பட்டை இடுக்கில் சேரும் இலைமக்கு, தூசி ஆகியவையே அதற்கு உணவு.

இந்த வாழ்க்கைக்கு ஏற்ப அதன் வேர் அமைந்துள்ளது. நெல்லுக்கோ மரவள்ளிக்கோ உள்ளது போன்ற வேர் அன்று அது. பென்சில் முனை அளவு தடித்து, வெளியே வெள்ளையாகப் பஞ்சு போன்ற ஓர் உறையைக் கொண்டது. மழை பெய்ததும் இவ்வுறை சில நொடிகளில் நீரை உறிஞ்சிக்கொள்ளும். உடனே வேர் பச்சை நிறம் காட்டும். சில மணி நேரத்தில் காற்றில் உலர்ந்து மீண்டும் வெள்ளையாகும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடந்தால்தான் அந்த வேர் உயிரோடு இருக்கும். இடைவிடாது நனைந்தே இருந்தால் உறை காற்றை இழந்து அழுகும். வேர் அழுகினால் செடி தண்ணீர் எடுக்க முடியாது, இலை வாடும். இலை வாடியதைக் கண்டவர் "தண்ணீர் போதவில்லை போலும்" என்று இன்னும் இரண்டு செம்பு சேர்த்து ஊற்றுவார். செடியின் கதை அத்துடன் முடியும்.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்துச் செல்வந்தர்கள் வெப்ப நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஆர்கிட் வரவழைத்தார்கள். வெப்ப நாட்டுச் செடியாயிற்றே என்று எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிக் கூடத்தில் அடைத்து, நீராவி ஏற்றிப் புழுக்கினார்கள். உயர்ந்த மலைகளில் குளிர்ந்த காற்றில் வளர்ந்தவையும் அவற்றுள் இருந்தன. செடிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்கலைஞர் 1830-களில் வெப்பத்துக்கேற்ப வகை பிரித்து, காற்றோட்டம் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. ஏற்காட்டுக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் இடையே உள்ள சில மணி நேரப் பயணத்தில் நாமும் அதே தவற்றைச் செய்கிறோம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் சமவெளியோ 300 மீட்டருக்கும் கீழே. அங்கே பூத்த செடியெல்லாம் இங்கே பூக்கும் என்பதில்லை.

சிம்பிடியம் என்ற வகை இரவில் நல்ல குளிர் இருந்தால்தான் பூங்கொத்து விடும். சிக்கிம், காலிம்பாங் போன்ற இடங்களுக்கு அது ஏற்றது. நமக்கு வேண்டாம். நகரங்களில் பரிசுப் பொருளாக விற்கும், அகன்ற இலையும் வண்ணத்துப்பூச்சி போன்ற பூவும் உடைய ஃபெலனாப்சிஸ், வாங்கும்போது பூத்த பூவை இரண்டு மாதம் காட்டும். வெப்பம் தணியாத இடத்தில் மறுமுறை பூப்பது அரிது.

புதிதாகத் தொடங்குவோர்க்கு டென்ட்ரோபியம் ஒட்டுரக வகையே தக்கது. கரும்புக் கணு போன்ற தண்டும், தண்டின் நுனியிலிருந்து நீண்டு வளையும் ஊதா அல்லது வெள்ளைப் பூங்கொத்தும் இதன் அடையாளம். கேரளச் சமவெளியில் வீட்டு முற்றங்களில் ஏராளமாக வளர்வது இதுவே. அங்குள்ள காற்றின் ஈரம் நமக்கு இல்லை. அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்யலாம். வாண்டா வகைகள் வெயிலைத் தாங்கும். ஆனால் வேரை அந்தரத்தில் தொங்கவிட்டு நாள்தோறும் நனைக்க வேண்டும். முதலாண்டில் அந்த வேலை வேண்டாம்.

காட்டு மரங்களிலிருந்து பிடுங்கி வந்த செடிகளைச் சாலையோரம் விற்றால் வாங்கக் கூடாது. காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, செருப்புப்பூ ஆர்கிட் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழேயே காக்கப்படுபவை. சட்டத்தை விடுத்துப் பார்த்தாலும் பயனில்லை. பட்டையோடு ஒட்டியிருந்த வேர் பிடுங்கும்போதே அறுந்துவிடுகிறது. சேர்வராயன் மலையின் ஆர்கிட் செடிகளைப் பார்க்க விரும்புவோர் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் தேசிய ஆர்கிட் பூங்காவுக்குச் செல்லலாம்.

வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்க வேண்டாம். தொட்டியைச் சற்றே அசைத்தால் செடி ஆடக் கூடாது. ஆடினால் வேர் இல்லை என்று பொருள். குறைந்தது மூன்று தண்டுகளும், அடியில் ஒரு புதுத் துளிரும் இருப்பது நல்லது.

வைக்கும் இடம்

காலை வெயில் படும் கிழக்குத் தாழ்வாரம் மிகச் சிறந்தது. வேம்பு, சப்போட்டா போன்ற மரத்தின் சிதறிய நிழலும் ஏற்றதே. 50 சதவீத நிழல்வலை கட்டினால் போதும். தகரக் கூரை, சிமெண்ட் அட்டைக் கூரைக்கு நெருக்கமாகத் தொங்கவிட்டால் சித்திரை வெயிலில் செடி வெந்துவிடும். வெளிச்சம் சரியா என்பதை இலையே சொல்லும். இளம்பச்சை இலை என்றால் சரி. கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் பார்க்க அழகுதான், ஆனால் வெளிச்சம் போதாமல் பூக்காது. மஞ்சளோடிச் செம்மை படர்ந்தால் வெயில் மிகுதி.

ஆட்டையாம்பட்டிக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. கைமுறுக்கு சுற்றும் வீடுகளில் விறகு அடுப்பு நெடுநேரம் எரியும். விறகுப் புகையில் எத்திலீன் என்ற வாயு கலந்துள்ளது. வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அதே வாயுதான். பூங்கொத்தில் மொட்டு இருக்கும்போது இது பட்டால் மொட்டுகள் மஞ்சளாகி, விரியாமலே உதிரும். எனவே அடுப்படிப் பக்கமும், மாம்பழம், வாழைப்பழம் குவித்து வைக்கும் அறைப் பக்கமும் தொட்டி இருக்கக் கூடாது.

தண்ணீரே முதல் கவலை

சேலம், நாமக்கல் சமவெளியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு மிகுதி. தென்னை தாங்கும், பருத்தி தாங்கும், ஆர்கிட் தாங்காது. நீரின் உப்பளவு 0.5 டெசிசீமன்ஸுக்குள் இருப்பது இதற்கு நல்லது. அதுபோல் மூன்று நான்கு மடங்கு உப்புள்ள நீரையே நம்மில் பலர் தென்னைக்குப் பாய்ச்சுகிறோம். பரிசோதனை செய்யாதவரும் ஓர் அடையாளத்தைக் காணலாம்: தொட்டி விளிம்பிலும் கரித்துண்டுகளின் மேலும் வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு. அப்போது வேர் நுனிகள் கருகியிருக்கும்.

மழைநீரே இதற்கு உற்ற மருந்து. பத்துச் சதுர மீட்டர் கூரையில் 10 மில்லி மீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 100 லிட்டர் கிடைக்கும். பத்துத் தொட்டிகளுக்கு ஒரு முறைக்கு 5 லிட்டர் என்று கொண்டால் 200 லிட்டர் பீப்பாய் ஒன்று 40 முறைக்கு வரும். முதல் மழையின் அழுக்குநீரை விட்டுவிட்டு, அடுத்து வருவதைத் துணியில் வடித்து, கொசு புகாமல் மூடி வைக்க வேண்டும். புதுச் சிமெண்ட் தொட்டியில் பிடித்தால் சுண்ணாம்பு கலக்கும். பிளாஸ்டிக் பீப்பாயே மேல். மழைநீர் தீர்ந்துவிட்டால் குடிநீர்க் குழாயில் வரும் ஆற்று நீரை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றலாம்.

காலை ஒன்பது மணிக்குள் ஊற்றிவிட வேண்டும். தொட்டியின் அடித்துளை வழியே ஒழுகும் அளவுக்கு நன்றாக ஊற்றி, பின் உலரவிட வேண்டும். சிறிது சிறிதாகத் தெளித்துக்கொண்டே இருப்பது தவறு. தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனம் குறைந்திருக்க வேண்டும். அதுவே அடுத்த முறைக்கு அறிகுறி. பங்குனி முதல் வைகாசி வரை நாள்தோறும் தேவைப்படும். மழைக்காலத்தில் மூன்று நாளைக்கு ஒரு முறை போதும். அடைமழையில் அதுவும் வேண்டாம். கோடையில் காற்று ஈரமாக இருக்க, தொட்டிகளுக்குக் கீழே தட்டில் மணல் பரப்பி நனைத்து வைக்கலாம். தொட்டியின் அடி அந்த நீரில் மூழ்காதபடி இரண்டு செங்கல் மேல் வைக்க வேண்டும். மாலையில் இலைக்குருத்தில் நீர் தங்கினால் அழுகல் நோய் வரும்.

தொட்டி மாற்றம்: எப்போது?

ஆண்டுக்கு ஒரு முறை தொட்டி மாற்ற வேண்டும் என்று நாள் குறிப்பது சரியன்று. தொட்டியில் நிரப்பிய தேங்காய் மட்டை மக்கிப் பொடியானாலோ, வெள்ளை உப்பு படிந்தாலோ, புதுத் தண்டு விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கினாலோதான் மாற்ற வேண்டும். நம் வெப்பத்தில் மட்டை இரண்டு ஆண்டுகளுக்குள் மக்கிவிடும். வேர்கள் சில தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது குறையன்று. அதற்காக மாற்ற வேண்டியதில்லை.

பருவத்தைவிட முக்கியம் செடியின் நிலை. பூத்து ஓய்ந்த பின், அடியில் புதுத் துளிர் இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்து, அதன் அடியில் பச்சை நுனியோடு புது வேர் எட்டிப்பார்க்கும் தருணமே சரியான தருணம். அந்த வேர் புதுத் தொட்டியை உடனே பற்றிக்கொள்ளும். ஒரு மாதம் முந்தினால் பற்றுவதற்கு வேர் இல்லை. ஒரு மாதம் பிந்தினால் நீண்ட புதுவேர் கைபட்டு ஒடியும். சித்திரை, வைகாசியில் துளிர் வந்தாலும் வெயில் தணியும்வரை பொறுக்கலாம். ஆடிக்காற்று ஓய்ந்து ஆவணி, புரட்டாசியில் மாற்றுவது நம் பகுதிக்கு ஒத்துவரும்.

தொட்டி மாற்றும் முறை

குயவரிடம் சொல்லி, அடியில் மட்டுமன்றிப் பக்கங்களிலும் துளையிட்ட மண்தொட்டி சுடச் செய்வது நலம். சிறிய செடிக்கு 4 அங்குலம், நன்கு வளர்ந்ததற்கு 6 அங்குலம் போதும். செடி வளரட்டும் என்று பெரிய தொட்டியில் வைப்பதே பலர் செய்வது. பெரிய தொட்டியின் நடுப்பகுதி உலராது, வேர் அழுகும். டென்ட்ரோபியம் நெருக்கமான தொட்டியிலேயே நன்றாகப் பூக்கும்.

நிரப்புவதற்கு மண் ஒரு பிடியும் கூடாது. மரக்கரித் துண்டு இரண்டு பங்கு, ஓட்டாஞ்சில்லு ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு கலந்துகொள்ளலாம். மூன்றும் நம் ஊரிலேயே கிடைப்பவை. கரியும் ஓடும் புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். தூளைச் சலித்துக் கழித்துவிட வேண்டும். மட்டையை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒரு வாரம் ஊறவைத்து, தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். சிவந்து இறங்கும் கறையும் உப்பும் அவ்வாறுதான் போகும். நீர் தெளிந்த பின்பே பயன்படுத்தலாம்.

மாற்றும் நாளன்று பழைய தொட்டியை அரை மணி நேரம் நீரில் அமிழ்த்தி வைத்தால் வேர்கள் நெகிழும். பிறகு பக்கங்களில் தட்டி மெதுவாக எடுக்க வேண்டும். வேர் மண்தொட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது. தொட்டியைத்தான் உடைக்க வேண்டும். தொட்டிக்கு மறுதொட்டி வாங்கலாம். அறுந்த வேர் மீண்டும் வருவதற்கு ஒரு பருவம் ஆகும். வராத ஓட்டுத் துண்டு வேரோடு இருந்தாலும் கெடுதல் இல்லை. அப்படியே புதுத் தொட்டியில் வைத்துவிடலாம்.

பழைய கரி, மட்டையை உதறிவிட்டு வேர்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருப்பது உயிர்வேர். அது வெள்ளையோ, பச்சையோ, உள்ளே இருந்து வெளிறிய மஞ்சளோ ஆனாலும் விட்டுவிடலாம். கொழகொழவென்று நசுங்கி, உறை கழன்று நடுவில் நார் மட்டும் நிற்பது செத்த வேர். அதை வெட்டிவிட வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் முன்பாகக் கத்தியை அடுப்புத் தணலில் காட்டி ஆறவைத்தே வெட்ட வேண்டும். ஆர்கிட்டைத் தாக்கும் நச்சுயிரி நோய்கள் வெட்டுக்கத்தி வழியாகவே செடிக்குச் செடி தாவுகின்றன; அவற்றுக்கு மருந்து கிடையாது. வெட்டுவாயில் சமையலறைப் பட்டைத்தூளைத் தொட்டு வைக்கலாம். வேரின் மேல் தூவக் கூடாது, அது வேரை உலர்த்திவிடும்.

இலையுதிர்ந்த பழைய தண்டுகளைக் காய்ந்ததென்று வெட்டுவோர் பலர். பசுமையும் கெட்டித்தன்மையும் உள்ளவரை அவை செடியின் சேமிப்புக் குதிர். புதுத் துளிருக்கு உணவும் நீரும் கொடுப்பவை. சில வேளை மறுபடி பூக்கவும் செய்யும். பிரித்து இரண்டாக வைக்க விரும்பினால் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது மூன்று நான்கு தண்டுகள் இருக்கட்டும். ஒரு தண்டாகப் பிரித்தால் பூக்க ஆண்டுகள் ஆகும்.

புதுத் தொட்டியின் அடியில் பெரிய ஓட்டுத் துண்டுகளை இட்டு, பழைய தண்டு ஓரத்தை ஒட்டியும் புதுத் துளிர் நடுவை நோக்கியும் இருக்குமாறு செடியை நிறுத்தி, சுற்றிலும் கலவையை இட வேண்டும். துளிரின் அடி கலவைக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகும். செடி ஆடாதபடி மூங்கில் குச்சி நட்டு, வாழைநாரால் இரண்டு இடத்தில் கட்டுவது மிகத் தேவை. ஆடும் செடியின் வேர்நுனி கரியில் உராய்ந்து தேய்ந்துகொண்டே இருக்கும், ஒருபோதும் பிடிக்காது.

நான்கு நாள் வரை தொட்டிக்குத் தண்ணீர் வேண்டாம். வெட்டுக்காயம் ஆறட்டும். காலையில் இலைகளின் மேல் மட்டும் கைத்தெளிப்பானால் மெல்லத் தெளித்தால் போதும். இரண்டு வாரம் நிழலில் வைத்து, பின் பழைய இடத்துக்கு மாற்றலாம்.

உரமும் பூச்சியும்

புது வேர் ஓடுவதைக் கண்ட பிறகே உரம். 19:19:19 போன்ற நீரில் கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம், முன்னரே நனைத்த செடிக்கு வாரம் ஒரு முறை தெளிக்கலாம். மாதம் ஒரு முறை வெறும் மழைநீரைத் தாராளமாக ஊற்றித் தங்கிய உப்பைக் கழுவிவிட வேண்டும். தொழு உரமும் யூரியாக் குருணையும் இதற்கு ஆகாதவை.

2020-க்குப் பின் மரவள்ளியில் மாவுப்பூச்சியால் பட்ட பாடு நம் உழவர்கள் மறக்கவில்லை. ஆர்கிட்டில் வருபவை வேறு வகைகள் எனினும் தோற்றம் ஒன்றே. இலைக்கணுவில் வெள்ளையாகத் தெரிந்தவுடன் சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்தால் பத்துத் தொட்டிக்கு மருந்தே வேண்டாம். நத்தைகள் இரவில் வந்து வேர்நுனியைத் தின்னும். கைவிளக்கோடு பார்த்துப் பொறுக்க வேண்டும். திராட்சைக்கும் பாக்குக்கும் அடிக்கும் போர்டோக் கலவை மிச்சமிருக்கிறதென்று டென்ட்ரோபியத்துக்கு அடித்துவிடக் கூடாது. தாமிரம் அதன் குருத்தைக் கருக்கும்.

தொழிலாகச் செய்யலாமா?

வீட்டில் நான்கு தொட்டி பூத்ததும் நிழல்வலை போட்டுக் கால் ஏக்கர் வைக்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. பனமரத்துப்பட்டி அரளிபோலக் கிலோக் கணக்கில் நாள்தோறும் சேலம் மலர்ச் சந்தையில் இறக்கிக் காசாக்கும் பூ அன்று இது. தண்டுக் கணக்கில் எண்ணி, பெட்டியில் அடுக்கி, அலங்காரக் கடைகள் உள்ள பெருநகருக்கு அனுப்ப வேண்டும். அங்கே தாய்லாந்திலிருந்து விமானத்தில் வரும் டென்ட்ரோபியத்தோடு போட்டியிட வேண்டும். நாற்றையும் விலைக்கே வாங்க வேண்டும். ஆர்கிட் விதை தூசியைப் போன்றது, உள்ளே உணவு இல்லாததால் பாத்தியில் விதைத்து முளைக்காது. ஆய்வகக் குடுவையில் முளைக்க வைக்கும் முறையை 1922-இல் லூயிஸ் நட்சன் கண்ட பிறகே இத்தொழில் உருவாயிற்று. குடுவையிலிருந்து எடுத்த குட்டிநாற்று பூக்க இரண்டு ஆண்டுகளோ, அதற்கு மேலோ ஆகும். அதுவரை முதலீடு முடங்கியே கிடக்கும்.

இதே ஆர்கிட் குடும்பத்தைச் சேர்ந்த வனிலாவில் தென்னாட்டு உழவர்கள் பட்டது அதிக காலத்துக்கு முந்தியதன்று. 2003 வாக்கில் உச்சத்தில் இருந்த விலையைப் பார்த்துக் கொடி நட்டவர்கள், காய் பறிக்கும் முன்பே விலை சரிந்ததைக் கண்டார்கள்.

ஆர்வம் குறையாதவர்கள் பத்துத் தொட்டிகளை ஒரு முழுக் கோடையும் ஒரு மழைக்காலமும் கடத்தி, ஒரு முறையாவது தாமே தொட்டி மாற்றிப் பார்க்கட்டும். நிழல்வலைக்கு முன்பணம் கொடுக்கும் முன், கிணற்று நீரை ஒரு புட்டியில் எடுத்து நீர்ப் பரிசோதனை நிலையத்தில் உப்பளவு பார்க்க வேண்டும். அளவு மிகுதியாக இருந்தால், மழைநீர்த் தேக்கத்துக்கு ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும் நேரில் அணுகி, பரிசோதனைத் தாளைக் காட்டி ஆலோசனை பெறலாம்.